தியான அறையும் நூலகமும் ஒன்றாகட்டும்: சிறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மத்தியச் சிறைகளின் கண்காணிப்பாளர்களுக்கும், சிறை அலுவலர்களுக்கும், நல அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சிறைக்குள் வந்து, சிறைவாசிகளோடு உட்கார்ந்து கதையும் பாட்டும் வாசிக்கிற தன்னார்வலர்களில் ஒருவர். என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மத்தியச் சிறையிலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்காரட்டும். முதலில் சில நிமிடம் பேசாமல் இருந்து தங்கள் மூச்சைக் கவனிக்கட்டும். அப்புறம் ஒருவர் ஒரு கதையையோ செய்யுளையோ சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும். முடித்ததும் அதைப் பற்றிப் பேசட்டும். இதற்கு மதிப்பெண் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், கடைசியில் யாரும் நீதி சொல்லி முடித்துவைக்கவும் வேண்டாம்.

இதில் எதுவும் உங்களுக்குப் புதிதல்ல. தியானமும் யோகாவும் சொல்லித்தர வெளியிலிருந்து அமைப்புகள் வருகின்றன. புத்தகமும் வந்துகொண்டிருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்று அரங்கு அமைத்துச் சிறைவாசிகளுக்காகப் புத்தகம் கேட்டது உங்கள் துறைதான். அந்த அரங்கில் பள்ளிப் பிள்ளைகள்கூடத் தாங்கள் வாங்கிய புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்து நெகிழ்ந்தவன் நான். ஆனால் இவை இரண்டும் இரண்டு வேலைகளாக, இரண்டு பதிவேடுகளில் நடக்கின்றன. தியானத்துக்கு வருகிறவர் வேறு, புத்தகம் எடுக்கிறவர் வேறு. இரண்டும் ஒரே பயிற்சியின் இரண்டு பாதிகள் என்பதே என் வாதம்.

தியானத்தின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தியச் சிறைகளில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1975-இல் ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் தியான ஆசிரியர் கோயங்கா, விபாசனா என்ற பௌத்த மரபுத் தியானத்துக்கு முகாம் நடத்தினார். 1994-இல் டெல்லியின் திகார் சிறையில், கிரண் பேடி சிறைத்துறைத் தலைவராக இருந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே நேரத்தில் பத்து நாள் பயிற்சியில் உட்கார்ந்தார்கள். அப்படி ஒரு கூட்டம் அதற்கு முன் எந்தச் சிறையிலும் மௌனமாக உட்கார்ந்திருக்குமா என்று தெரியவில்லை. பயிற்சியின் முறை எளிமையானது, கடுமையானது. முதல் மூன்று நாள் மூச்சு மட்டும். நான்காம் நாளிலிருந்து உடம்பில் எழுந்து அடங்கும் உணர்ச்சிகளைக் கவனிக்க வேண்டும். வலித்தால் வலி, அரித்தால் அரிப்பு, கோபம் வந்தால் நெஞ்சுக்குள் ஏறும் சூடு. அதைத் துரத்தவும் கூடாது, அதன் பின்னால் ஓடவும் கூடாது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிப் பார்க்கப் பழகினால் கோபத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. உள்ளே இருப்பவர்களில் பலருக்கு வாழ்க்கை தடம்புரண்டது அந்த இடைவெளி இல்லாத ஒரு நிமிடத்தில்தான். வரப்புத் தகராறு, குடித்துவிட்டு வந்த வாய்த்தகராறு, வீட்டுக்குள் நடந்த சண்டை. இவர்களில் யாரும் காலையில் எழும்போதே கொலை செய்யப் போகிறோம் என்று எழுந்தவர்கள் அல்ல. உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே மூச்சைக் கவனிக்கச் சொல்லித்தருகிற யாரையும் நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்தப் பயிற்சியில் ஒரு விதி இருக்கிறது. பத்து நாளும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. அந்தப் பத்து நாளுக்கு அது தேவைதான். மனம் ஒன்றில் நிற்கப் பழகும்போது நூறு பேரின் சொற்கள் உள்ளே வரக் கூடாது. என் கவலை பதினோராம் நாளைப் பற்றியது. அமைதியாக உட்கார்ந்த மனிதருக்குள் நிறைய விஷயங்கள் மேலே வருகின்றன. செத்துப்போனவரின் முகம் வருகிறது. மகள் கடைசியாக மனு பார்க்க, அதாவது சிறைக்கு வந்து சந்திக்க, வந்தபோது பேசாமல் நின்றது வருகிறது. அதைப் பார்க்கும் தெம்பு வந்துவிட்டது, ஆனால் அதைச் சொல்ல ஒரு சொல் இல்லை. மனநல ஆலோசகர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பக்கத்துப் பாயில் படுப்பவரிடம் இதையெல்லாம் பேசும் வழக்கமும் இல்லை. தன் கதையை நேராகச் சொல்ல முடியாதவர் இன்னொருவரின் கதை வழியாகத்தான் அதற்குள் நுழைய முடியும். அந்த வேலையை இலக்கியம் செய்கிறது.

நான் கண்ட ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு சிறையில் நாங்கள் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எளிய உரைநடையில், நடுநடுவே மூல வரிகளோடு வாசித்தோம். காட்சி நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோவலன் சிலம்போடு மதுரைக் கடைவீதிக்கு வருகிறான். அரண்மனைச் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் அவனைப் பார்க்கிறான். பழியை இவன்மேல் போட்டுத் தப்பிக்க அரண்மனைக்குப் போகிறான். அந்த நேரம் பாண்டியன் எங்கே போய்க்கொண்டிருக்கிறான் என்பதை இளங்கோவடிகள் கவனமாகச் சொல்கிறார். ஆடல் மகளிரின் ஆட்டத்தையும் பாட்டையும் அரசன் ரசித்ததில் கோப்பெருந்தேவிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் போய்க்கொண்டிருக்கிறான். மனம் முழுக்க அங்கே இருக்கிறது. வாசலில் பொற்கொல்லன் வந்து, திருடன் அகப்பட்டான் என்கிறான். அரசன் நின்று கேட்கவில்லை, விசாரிக்கவில்லை. காவலரைக் கூப்பிட்டு, "கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினேன். வழக்கமாக வகுப்பறையில் நிறுத்தினால் பிள்ளைகள் அடுத்து என்ன என்று பார்ப்பார்கள். இங்கே யாரும் அசையவில்லை. அரசன் கெட்டவனா என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று இன்னொருவர் சொன்னார். வீட்டுச் சண்டை மனதில் ஓடிக்கொண்டிருந்தால் எதிரில் நிற்பவன் சொல்வது காதில் ஏறாது, எனக்கும் அப்படித்தான் நடந்தது என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தியான வகுப்பில் கவனம் சிதறுவதைப் பற்றி எவ்வளவு விளக்கினாலும் இந்த ஒரு காட்சி காட்டியதைக் காட்டியிருக்க முடியாது. கவனம் இல்லாத ஒரு நொடியில் வாய்விட்டு வந்த ஒரு வாக்கியம் ஒரு மனிதனைக் கொன்று, ஓர் அரசனைக் கொன்று, ஒரு நகரத்தை எரிக்கிறது.

கதை இத்தோடு நிற்கவில்லை. காவலர்கள் கோவலனைப் பார்த்ததும், இவன் கொலை செய்யப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். அவர்கள் கண் சரியாகத்தான் பார்த்தது. பொற்கொல்லன் சிரித்துக்கொண்டு, திருடர்கள் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று பாடம் நடத்துகிறான். மந்திரம், தெய்வம், மருந்து என்று எட்டு வகை சொல்கிறான். ஓர் இளம் காவலன், மழைக்கால நள்ளிரவில் ஒரு திருடன் தன் வாளைப் பறித்துக்கொண்டு மறைந்த கதையைச் சொல்லி, அரசன் நம்மைத் தண்டிப்பானே, என்ன செய்யலாம் என்று கேட்கிறான். அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே "கல்லாக் களிமகன்" ஒருவன் வாளை வீசிவிடுகிறான். படிக்காத, குடித்திருந்த ஒருவன்.

அன்று கதவருகே நின்றிருந்த வார்டர் இந்த இடத்தில் பேசினார். வட்டத்தில் அவர் சேரவில்லை, காவலுக்கு நின்றிருந்தார். காவலர்களுக்குத் தெரிந்தும் பயந்துவிட்டார்கள், மேலே இருந்து உத்தரவு வந்தால் கீழே இருப்பவன் என்ன செய்வான் என்றார். சிறைவாசிகள் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அதில் பகை இல்லை. ஒரு பணியாளரும் அவர் காவலில் இருப்பவர்களும் ஒரே கேள்வியை ஒன்றாக யோசிப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. உங்களுக்கு இந்த மடலை எழுதத் தூண்டியவற்றில் அந்தப் பேச்சும் ஒன்று.

அடுத்த கேள்வி வெகுநேரம் பேசாமல் இருந்த ஒருவரிடமிருந்து வந்தது. அந்தக் குடிகாரன் அப்புறம் என்ன ஆனான்?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் காப்பியத்தைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. காப்பியத்தில் பதில் இல்லை. பொற்கொல்லனைப் பற்றிப் பேசலாம், "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி உயிரை விட்ட பாண்டியனைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். வாளை வீசிய கைக்குச் சொந்தக்காரன் அதற்குப் பிறகு கதையில் வருவதே இல்லை. அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. போதை தெளிந்ததும் அவனுக்கு என்ன நினைவிருந்திருக்கும், ஊர் எரிந்தபோது அவன் எங்கே இருந்தான், தன் கைதான் காரணம் என்று அவனுக்குத் தெரியுமா? அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அந்த வட்டம் இதைத்தான் பேசியது. யாரும் தன் வழக்கைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் தன்னைப் பற்றித்தான் பேசினார்கள்.

இந்தக் கேள்வி வர அந்த முதல் சில நிமிட மௌனம் வேண்டியிருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மௌனம் இல்லாமல் நேரே வாசிக்கத் தொடங்கிய நாட்களையும் பார்த்திருக்கிறேன். பாதிப்பேர் மனம் வாய்தா தேதியில் இருக்கும், வக்கீல் வரவில்லை என்பதில் இருக்கும், காலையில் பிளாக்கில் நடந்த சச்சரவில் இருக்கும். கதை காதில் விழுந்து வெளியே போய்விடும். மௌனமாக உட்கார்ந்த பிறகு வாசித்தால் ஒரு துணைப்பாத்திரம்கூடக் கண்ணில் படுகிறது. வாசிப்புக்குத் தியானம் செய்யும் உதவி இது. தியானத்துக்கு வாசிப்பு செய்யும் உதவி இன்னொன்று. கண்ணை மூடினால் நம்மை மட்டும்தான் பார்க்கிறோம். நம் வலி, நம் கோபம், நம் அமைதி. அதிலேயே நின்றுவிட்டால் மனிதர் தனக்குள் ஒரு நல்ல அறை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவும் கூடும். எதிரில் இருப்பவருக்கும் இதே போல ஓர் உள்ளம் இருக்கிறது என்று காட்ட இன்னொருவரின் வாழ்க்கைக்குள் நுழைய வேண்டும். கதையில் அது நடக்கிறது. வாழ்க்கையைப் பார்க்கும் பார்வை மாறுவது என்றால் இரண்டும் சேர்ந்து நடக்கும்போதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் இந்த இரண்டையும் சேர்த்தே தந்த நூல் ஒன்று உண்டு. அது சிறையைப் பற்றியும் பேசுகிறது. உ.வே.சாமிநாதையர் 1898-இல் பதிப்பித்துக் கொடுத்த மணிமேகலை. பௌத்தத் துறவியாகிவிட்ட மணிமேகலை அமுதசுரபியோடு சிறைச்சாலைக்குள் போய்ப் பசித்திருந்தவர்களுக்குச் சோறிடுகிறாள். செய்தி அரசனுக்குப் போகிறது. அவளைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்கிறான் சோழன். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தர வேண்டும் என்று கேட்கிறாள். அவனும் ஒப்புக்கொள்கிறான். காப்பியத்தின் ஒரு காதைக்கே 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்று பெயர். அடுத்த காதையிலேயே ஒரு கொலை. மணிமேகலை அப்போது காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தில் இருக்கிறாள். அவளைத் தன் மனைவி காயசண்டிகை என்று நினைத்துக்கொண்ட காஞ்சனன், அவளைத் தேடி இரவில் வந்த சோழ இளவரசன் உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். கண்ணால் பார்த்தது ஒன்று, உண்மை வேறு. நடுவில் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க அவனுக்கு மனம் இல்லை. அந்தக் கொலைக்காக மணிமேகலையையே அரசன் சிறை வைக்கிறான். சிறையை மாற்றச் சொன்னவள் சிறைக்குப் போகிறாள். இந்தப் பகுதியைச் சிறையில் வாசிக்காமல் வேறு எங்கே வாசிப்பது?

சரி, இதனால் குற்றம் குறையுமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். நான் அதிகமாக வாக்குக் கொடுக்க மாட்டேன். 2013-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இலக்கியத் தரமான புனைகதையைச் சில பக்கம் வாசித்தாலே அடுத்தவர் மனநிலையைப் புரிந்துகொள்ளும் திறன் கூடுகிறது என்று அது சொன்னது. உலகம் முழுக்கச் செய்தியாயிற்று. பிறகு மற்ற ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. நான்கு பக்கத்தில் ஒரு மனிதர் மாறிவிடுவார் என்பதை எந்த வாசகரும் நம்பியிருக்க மாட்டார். தியானத்திலும் இதே கதைதான். பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சொல்லித்தந்த மைண்ட்ஃபுல்னெஸ் என்ற மனக்கவனப் பயிற்சி வகுப்பு, வழக்கமான மனநல வகுப்பைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே அதைப் பழகவே இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆக, ஒரு முகாம் நடத்திப் படம் எடுத்து அனுப்பிவிட்டு மாற்றத்தை எதிர்பார்ப்பதில் பயன் இல்லை. வாரா வாரம், ஆண்டுக்கணக்கில், விரும்பி வருகிறவர்களோடு நடக்க வேண்டும்.

அப்படி நடந்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1991-இல் ராபர்ட் வாக்ஸ்லர் என்ற இலக்கியப் பேராசிரியரும் ராபர்ட் கேன் என்ற நீதிபதியும் சேர்ந்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். சிறைக்குப் போக வேண்டியவர்களில் சிலரைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்து, பல்கலைக்கழக அறையில் நாவல் வாசிக்க வைத்தார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் யார் என்பது. தண்டனை பெற்றவர், அவருக்குத் தண்டனை கொடுத்த நீதிபதி, அவரைக் கண்காணிக்கும் அதிகாரி, பேராசிரியர் என நான்கு தரப்பும் ஒரே கதையை வாசித்துவிட்டு வந்து பேசினார்கள். எங்கள் வட்டத்தில் கதவருகே நின்ற வார்டர் பேசியபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

பிரேசில் 2012-இல் வேறு வழியில் போனது. கூட்டாட்சிச் சிறைகளில் ஒரு புத்தகம் வாசித்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்தால் தண்டனையில் நான்கு நாள் குறையும். ஆண்டுக்கு 12 புத்தகம், 48 நாள். ஆசைப்படத் தகுந்த திட்டம்தான், சட்டம் இடம் கொடுத்தால் நம் ஊரிலும் யோசிக்கலாம். ஆனால் என் கோரிக்கை அது அல்ல. கட்டுரை எழுத முடியாதவர் அதில் வெளியே நிற்பார். நாள் குறையும் என்பதற்காக வாசிக்கிறவர் எழுதுகிறவற்றில் திருந்திவிட்டேன் என்ற வரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். தேர்வுக்கு எழுதுகிற கை எப்படி எழுதும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். நம் சிறைகளில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி நாடு முழுக்கச் சிறையில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தண்டனையே இன்னும் வராதவருக்குக் குறைக்க எதுவும் இல்லை. அவர்தான் மனம் அதிகம் அலைபாய்கிறவரும். எப்போது ஜாமீன், எப்போது வாய்தா என்று தெரியாமல் நாளை ஓட்டுகிறவர். வாசிப்பு வட்டம் தண்டனைக் கைதிகளுக்கு மட்டும் என்று வைத்துவிடாதீர்கள்.

புத்தகத் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. சிறை நூலகம் என்றதும் நீதிநூல்களும், வெற்றி பெறுவது எப்படி என்ற வகைப் புத்தகங்களும், மகான்களின் வரலாறும் முதலில் வந்து சேர்கின்றன. கொடுப்பவர்களின் நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் சிறைவாசி காலையிலிருந்து இரவு வரை அறிவுரைக்கு நடுவில்தான் வாழ்கிறார். நீதிபதி சொன்னார், வக்கீல் சொல்கிறார், நீங்கள் சொல்கிறீர்கள், மனு பார்க்க வரும் அம்மா அழுதுகொண்டே சொல்கிறார். இன்னும் ஒரு புத்தகமும் அதையே சொன்னால் மூடி வைத்துவிடுவார். நல்ல சிறுகதைகளைக் கொடுங்கள். நாட்டார் கதைகளைக் கொடுங்கள். கரிசல் காட்டைப் பற்றி, கடற்கரையைப் பற்றி, மலைத்தோட்டத்தைப் பற்றித் தமிழில் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள். சொந்த ஊரின் பேச்சு அப்படியே அச்சில் இருப்பதைப் பார்த்ததும் புத்தகமே தொடாத ஒருவர் பக்கத்தைப் புரட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். திருக்குறளும் வேண்டும்தான். "தன்னைத்தான் காக்கின் சினங்காக்க" என்று தொடங்கும் குறளை விளக்கம் சொல்லாமல் வாசித்துவிட்டு, இது உண்மையா என்று கேளுங்கள். உண்மை இல்லை என்று சொல்லவும் இடம் கொடுங்கள். மறுத்துப் பேச முடிகிற இடத்தில்தான் ஒருவர் நிஜமாக யோசிக்கிறார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வரலாமா என்று ஒரு நல அலுவலர் என்னிடம் கேட்டார். அவர்கள்தான் முதலில் வர வேண்டும். நம் ஊரில் இலக்கியம் பல நூற்றாண்டு காதால் கேட்டு வளர்ந்தது. பாரதம் படிக்கிற இடத்தில் எழுத்தறிவு இருக்கிறதா என்று கேட்டு யாரையும் தடுக்கவில்லை. காதால் கேட்கும் வாசிப்பு கவனத்துக்கு இன்னும் நல்ல பயிற்சி, ஏனென்றால் விட்ட வரிக்குத் திரும்பிப் போக முடியாது. பெண்கள் சிறைகளிலும் இதே ஏற்பாடு வேண்டும். அங்கே தாயோடு சிறு பிள்ளைகளும் இருக்கும் இடங்களில் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டத் தாய்க்குச் சொல்லித்தரலாம்.

அப்புறம், மாலை அடைப்புக்குப் பிறகான நேரம். சிறையில் மிக நீளமான நேரம் அதுதான். அறையை அடைத்த பிறகு மறுநாள் காலை வரை மனிதர் தன் மனதோடு தனியாக, அல்லது நெருக்கியடித்துப் படுத்திருக்கும் பலரோடு தனியாக இருக்கிறார். நூலக அறையில் பகலில் உட்கார்ந்து படித்துவிட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போ என்ற ஏற்பாடு உள்ள இடங்களில், புத்தகம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கையில் இல்லை. அறைக்குள் புத்தகம் கொண்டுபோக அனுமதியுங்கள். கிழிந்தால் கிழியட்டும். வெளியே கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைப் புத்தகக் காட்சி அரங்கிலேயே பார்த்துவிட்டீர்கள். ஐ.நா. 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 64-ஆவது விதி, எல்லா வகைச் சிறைவாசிகளும் பயன்படுத்தும்படி நூலகம் இருக்க வேண்டும், அதை முழுமையாகப் பயன்படுத்த அவர்களை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. அறிவுநூல்களோடு மனமகிழ்ச்சிக்கான நூல்களும் இருக்க வேண்டும் என்றும் அந்த விதியே சொல்கிறது. இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம், கதைப் புத்தகத்தை நேரப்போக்கு என்று ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது.

உங்கள் துறையின் பழைய பதிவேடுகளிலேயே இதற்கு முன்னோடி இருக்கிறார். 1908-இல் தண்டனை பெற்றுக் கோவைச் சிறைக்கு வந்த வ.உ.சிதம்பரனார். அவர் இழுத்த செக்கை நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கிறோம். அந்தச் சிறைவாச காலத்தில் அவர் வாசித்ததையும் எழுதியதையும் அதே அளவு நினைப்பதில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் மனதையும் வாழ்வையும் பற்றி எழுதிய சிறு நூலை 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். அது 1909-இல் வெளிவந்தது. ஆங்கில அரசின் சிறையில், ஆங்கிலேயர் ஒருவரின் நூலை, பகையைத் தள்ளிவைத்து வாசிக்க முடிந்திருக்கிறது அவரால். உடம்பை மாடுபோல நடத்திய இடத்தில் அவர் தன் மனதைத் தன் கையில் வைத்திருந்தார். பிறகு கண்ணூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். 1912 கடைசியில் விடுதலையாகும் வரை எழுத்து நிற்கவில்லை. அவர் கல்விமான், வழக்கறிஞர், எல்லோராலும் அப்படி முடியுமா என்று கேட்கலாம். எல்லோரும் நூல் எழுத வேண்டாம். தான் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கவும், எதிரில் இருப்பவர் என்ன நினைப்பார் என்று யோசிக்கவும் கல்விமானாக இருக்கத் தேவை இல்லை. அந்தக் குடிகாரன் என்ன ஆனான் என்று கேட்டவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலைகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வழக்கில் எதிரெதிர்த் தரப்பில் இருப்பவர்கள் ஒரே வட்டத்தில் உட்காரக் கூடாது. குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நீங்கள்தான், உங்களுக்குத்தான் ஆள் தெரியும். வட்டத்தில் பேசியது வழக்குக்குள் போகாது என்ற உறுதியை மட்டும் கொடுங்கள். அது இல்லாவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தியானத்தில் உட்கார்ந்தால் சிலருக்குப் பழைய கொடுமைகள் மேலே வந்து நடுக்கம் கூடும். அப்படிப்பட்டவரைக் கண்ணை மூடக் கட்டாயப்படுத்தாமல், கண் திறந்தபடி கதை கேட்க மட்டும் வரச் சொல்லலாம். தேவைப்பட்டால் சிறை மருத்துவரிடம் அனுப்பலாம். வாரத்தில் ஒரு நாள் பணியாளர்களுக்கு மட்டும் தனியாக இதே வட்டம் நடத்தலாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இரவுப் பணி, ஆள் பற்றாக்குறை, வீட்டை விட்டுத் தொலைவில் வேலை என்று வார்டர்களின் மனதிலும் பாரம் இருக்கிறது. அவர்களும் கோபத்துக்கும் கைக்கும் நடுவில் இடைவெளி தேடுகிறவர்கள்தான்.

இதற்குச் செலவு அதிகம் ஆகாது. காற்றாடியும் நல்ல வெளிச்சமும் உள்ள ஓர் அறை, விரிக்க ஜமக்காளம், ஒரே கதையின் பதினைந்து நகல். நடத்துவதற்கு ஒவ்வொரு ஊரிலும் என்னைப் போல ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள், கல்லூரித் தமிழ்த் துறைகள் இருக்கின்றன, மாவட்ட மைய நூலகத்தின் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. கேட்டால் வருவார்கள். எங்களுக்கு இருக்கும் பெரிய சிரமம் அனுமதிதான். ஒவ்வொரு முறையும் புதிதாக விண்ணப்பம், புதிதாகக் கையெழுத்து என்றால் தொடர்ச்சி அறுந்துபோகிறது. பாதிக் கதையில் நின்றுவிடுகிறோம், அடுத்த முறை வரும்போது கேட்டவர்களில் பலர் வேறு பிளாக்குக்கோ வேறு சிறைக்கோ போயிருப்பார்கள். ஆகவே சரிபார்ப்பு முடித்த தன்னார்வலர்களுக்கு ஓராண்டு செல்லும் அனுமதிச் சீட்டு ஒன்றைக் கொடுங்கள். ஒரு குழு தொடங்கிவிட்டால் ஆறு மாதமாவது கலைக்காமல் வைத்திருக்க முடியுமா என்று பாருங்கள். முதலில் ஏதாவது இரண்டு மத்தியச் சிறைகளில் தொடங்கினால்கூடப் போதும். எந்தச் சிறை, எந்தக் கிழமை என்று நீங்கள் சொல்லுங்கள், மற்றவர்களைத் திரட்டிக்கொண்டு வருவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்